பாட்டில்லாத அடக்கம்

நவம்பர் பிறந்ததும் இந்த ஊரில் கல்லறைகளுக்குப் போர்வை போர்த்துவார்கள். துணிப் போர்வை இல்லை, மரக்கிளை. ஊசி ஊசியாய் இலை உள்ள, இவர்கள் ‘கிரான்’ என்கிற மரத்தின் கிளைகளை வண்டி வண்டியாய் வெட்டிக்கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் கொட்டுவார்கள். தோட்டக்காரர்கள் அதை முழம் முழமாய் நறுக்கி, கூரைக்கு ஓலை வேய்வதுபோல் வரிசை தப்பாமல் ஒவ்வொரு கல்லறை மேலும் பரப்புவார்கள். உறைபனியில் செடிகள் செத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடு என்கிறார்கள். எனக்கென்னவோ, கீழே படுத்திருப்பவர்களுக்குக் குளிரும் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள் என்று படும். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டென்மார்க்குக்கு வந்து என் பாதி வயசுக்கு மேல் ஆகிவிட்டது. பனி பழகிவிட்டது, நாலு மணிக்கே இருட்டுவது பழகிவிட்டது, உப்புப் போடாத உருளைக்கிழங்குகூடப் பழகிவிட்டது. வெட்டிப் போட்ட மரத்தின் பச்சை வாசம் மட்டும் பழகவில்லை. அது மூக்கில் ஏறினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

நான் இங்கே கிறிஸ்தவக் கோயிலைத் திறந்து மூடுகிற வேலையில் இருக்கிறேன். முதலில் நர்சாகத்தான் வந்தேன். முதியோர் இல்லத்தில் வயசானவர்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனதும், கோயிலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்துகொண்டேன். ‘கிர்க்கெட்யேனர்’ என்று இந்த வேலைக்குப் பெயர். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, அன்றைக்குப் பாடுகிற பாட்டுகளின் எண்களைப் பலகையில் மாட்டுவது, யாராவது இறந்தால் கொடியை அரைக் கம்பத்தில் பறக்க விடுவது, குழியை மூடியதும் அதை உச்சிக்கு ஏற்றுவது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு ஒரு காலத்தில் வேதத்தைக் கொண்டுவந்து, கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டிக் கொடுத்த வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டிலிருந்துதான் கப்பலேறினார்கள். அவர்கள் எங்களுக்குக் கோயில் கட்ட வந்தார்கள், நான் அவர்கள் கோயிலைக் கூட்டிப் பெருக்க வந்திருக்கிறேன் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். இங்கே சிரிப்பதற்குப் பெரிதாக வேறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம், டிரைவர் பக்கத்தில் இடம்கூட மிஞ்சும்.

ஆனால் கிறிஸ்தவர்கள் என்று பார்த்தால் இந்த ஊரில் பாதிக்குமேல் கிறிஸ்தவர்கள்தான். குழந்தை பிறந்தால் பதிவதே கோயில் அலுவலகத்தில். ஞானஸ்நானம் எடுத்தவன் கோயில் வரி கட்டுகிறான். கடவுள் இல்லை என்று கள்ளுக்கடையில் உட்கார்ந்து வாதாடுகிறவனும் வரியைக் கட்டிவிடுகிறான், செத்தால் மணி அடிக்க வேண்டுமே. இங்கே கோயிலுக்குப் போகாதவன் பெயருக்கு நேரே கிறிஸ்தவன் என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவருக்கு நேரே இந்து என்று எழுதி வைத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ‘ப்ரெஸ்ட்’, அதாவது குருவானவர், கிர்ஸ்டன் என்கிற அம்மாள், என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு ருக்குமணி என்பது வேதாகமத்தில் எங்கே வருகிறது என்று கேட்டார். அது கிருஷ்ணனுடைய மனைவி பெயர் என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மற்ற மதத்தையும் மதிக்கிற எவ்வளவு பரந்த மனசுள்ள அப்பா அம்மா உனக்கு என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மெழுகுவத்தித் தண்டைத் துடைக்கப் போய்விட்டேன்.

பரந்த மனசு இல்லை, பயம். ஊரில் எங்களைப் போன்ற குடும்பங்களில் ஆளுக்கு இரண்டு பெயர் உண்டு. என் அப்பா கோயிலில் சாமுவேல், பள்ளிக்கூடத்தில் சின்னதுரை. அண்ணன் கோயிலில் தானியேல், வெளியில் தனசேகர். நான் ரூத்து, சான்றிதழில் ருக்குமணி. இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கு ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. என்னைப் போல வெளியே போனவர்களுக்கு அங்கேயே பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காலனிக்காரன் இந்துவாக இருக்கிறவரை அவனுக்குப் பட்டியலில் இடம் உண்டு, படிப்பில் வேலையில் ஒதுக்கீடு உண்டு. ஏசுவைக் கும்பிடுகிறேன் என்று சொன்ன அன்றைக்கே அது போய்விடும். காலனி மட்டும் போகாது, அப்படியே இருக்கும். டீக்கடையில் தனி டம்ளரை எடுத்து நீட்டுகிறவன் நீ எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்டுவிட்டு நீட்டுவதில்லை. இதில் ஒரு வேடிக்கை, எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலையில் இருப்பவர்கள் பழங்குடிப் பட்டியல். அவர்கள் ஞானஸ்நானம் எடுத்தாலும் சலுகை போகாது. அப்பாவுக்கு மலைமேல் அரசுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. மேலே ஏறினால் கிறிஸ்தவனாக இருக்கலாம், கீழே இறங்கினால் இந்துவாகிவிட வேண்டும், நடுவில் பஸ் எந்த வளைவில் திரும்பும்போது மாறுகிறது என்றுதான் தெரியவில்லை என்பார்.

ஒருமுறை அப்பா மேல் யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். இந்து என்று சொல்லி வேலை வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிறார் என்று. விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வந்தார். வருகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துபோனதால், அம்மா வேதாகமத்தை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, நகைக்கடையில் கொடுத்த முருகன் காலண்டரை ஆணியில் மாட்டினாள். அந்த ஆணி அதற்கென்றே அடித்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக்கூட நாங்கள் வாசலில் கட்டியதில்லை, தோட்டத்துப் பக்கம் முருங்கை மரத்தில் கட்டுவோம். வந்தவர் நல்லவர். காப்பி குடித்துவிட்டு, எதையும் தேடாமல் அப்பாவை வெளியே கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாராம். கோயிலுக்குப் போவதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை வாத்தியாரே, வேளாங்கண்ணிக்கு யார்தான் போவதில்லை, கல்யாணத்தையும் சாவையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதைத்தான் சாட்சியாக எடுப்பார்கள் என்று. அப்பா அன்றையிலிருந்து கோயிலில் முன்னால் உட்காருவதை விட்டுவிட்டார். பக்கக் கதவோரம், செருப்புகள் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு காலை வெளியே வைத்ததுபோல் உட்கார்ந்திருப்பார். குரல் மட்டும் அங்கிருந்து கணீரென்று வரும்.

மரம் வெட்டிப் போட்ட வருஷம் என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். தங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று வட மாவட்டங்கள் முழுக்க ஒரு பெரிய சமூகம் ரோட்டில் இறங்கியது. சாலையோரத்துப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் கிடையாது, பால் வண்டி கிடையாது, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போன கரும்பு லோடுகள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. அவர்களுக்கும் வயிற்றெரிச்சல் இருக்கிறது, படித்துவிட்டு எத்தனை பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டு, தெருப்பக்கம் யாரும் போகாதீர்கள் என்றும் சொன்னார். காலனியில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தோம். அந்த வாரத்தின் நடுவில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ரோடு திறந்திருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் நர்சாகிப் பல வருஷம் இதயக்காரர்களைப் பார்த்தவள், எனக்கே தெரியவில்லை.

அண்ணன் அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தான். நான் பத்தாவது. பணியில் இருக்கும்போது இறந்தவரின் பிள்ளைக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுப்பார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். நடவுக்கும் களைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவள், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவள், ஆனால் இந்த ஒன்று தெரியும். அப்பாவை அங்கி போட்ட போதகர் வந்து சிலுவை நட்டுப் புதைத்தால், அடுத்த மொட்டைக் கடுதாசிக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அண்ணனுக்கு வேலையும் போகும், அப்பாவின் பென்ஷனும் போகும். அழுதுகொண்டே அம்மா பங்காளிகளைக் கூப்பிட்டு, உங்கள் வழக்கப்படியே எடுத்துவிடுங்கள் என்று சொன்னாள். அவர்கள் அப்பாவின் சொந்தச் சித்தப்பா பிள்ளைகள், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், நல்ல மனுஷர்கள். உடனே பறைக்குச் சொல்லி அனுப்பினார்கள். குளிப்பாட்டி உட்கார வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, நடுவில் காசு ஒட்டினார்கள். நான் உள்ளேயிருந்து வந்து பார்த்தேன், எனக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. யாரோ ஒருவரை எங்கள் வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள், அப்பா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் இன்றுவரை முழுசாக முடியவில்லை.

மத்தியானம் யாரோ ஓடிவந்து, ஐயர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். கள்ளக்குறிச்சியில் இருந்தவருக்கு எப்படியோ சேதி எட்டிவிட்டது. அம்மா தலையை முடிந்துகொண்டு எழுந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்து என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். கச்சிராயபாளையம் ரோட்டில், விழுந்து கிடந்த புளியமரத்துக்கு அந்தப் பக்கம் ஐயர் சைக்கிளைத் தூக்கிக் கிளைகளுக்கு மேலாகக் கடத்திக்கொண்டிருந்தார். பெருத்த உடம்பு. வேட்டியெல்லாம் பட்டைச் சிராய்ப்பு, முழங்கையில் ரத்தம். தோளில் தொங்கிய பையில் வெள்ளை அங்கியின் ஓரம் தெரிந்தது. வெட்டுப்பட்ட மரத்தின் பச்சை வாசம் வெயிலில் குப்பென்று அடித்தது. அம்மா அவரை ஊருக்குள் வர விடவில்லை, அங்கேயே நின்றாள்.

“ஐயரே, இதோட திரும்பிடுங்க,” என்றாள்.

“இன்னாம்மா சொல்ற. அங்கேருந்து மரத்த மரத்தத் தாண்டி வந்துக்கினு இருக்கேன்.”

“ரோட்ட மறிச்சிட்டாங்க, உங்களால வர முடியலன்னு நாங்க சொல்லிக்கறோம். நீங்களும் அப்டியே சொல்லிடுங்க. பையனுக்கு வேல வரணுங்க.”

அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மரத்தின்மேல் உட்கார்ந்தார். என்னிடமிருந்து சொம்பை வாங்கி முழுக்கக் குடித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. என்ன பேர் சொல்லி எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். சின்னதுரை என்றுதான் என்று அம்மா சொன்னாள்.

“சரி. நான் சாமுவேலுன்னு பேர் சொல்லி ஜெபம் பண்ணிக்கினு போறேன்,” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ரோட்டிலேயே எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சைக்கிளை எடுத்து, இப்போதுதான் தாண்டிய மரத்தைத் திரும்பத் தாண்டினார். நாங்கள் திரும்பி வரும்போது வீட்டில் பறை தொடங்கிவிட்டிருந்தது. பறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதுவும் எங்களுடையதுதான். ஆனால் எங்கள் சபையில் யாரையும் பாட்டில்லாமல் எடுத்ததில்லை. வாசலில் ஒரு பாட்டு, தெருமுனையில் ஒரு பாட்டு, குழிக்குள் இறக்கும்போது கடைசிப் பாட்டு. பெண்களும் கல்லறைவரை பாடிக்கொண்டே போவோம். மற்றவர் சாவுக்கெல்லாம் அந்தக் கடைசிப் பாட்டை முதல் ஆளாக எடுத்துக்கொடுப்பவர் அப்பா. அவரைக் கோமுகி ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனபோது பெண்கள் நாங்கள் தெருமுனையில் நின்றுவிட்டோம். அங்கே யாரும் பாடவில்லை என்று அண்ணன் திரும்பி வந்து சொன்னான். நான் கேட்காமலே சொன்னான்.

அடுத்த ஞாயிறு ரோடு திறந்திருந்தது. பிரசங்கபீடத்தில் நின்று ஐயர், நம் சகோதரர் சாமுவேலின் அடக்கத்துக்குப் போக முடியாதபடி வழி அடைபட்டிருந்தது என்று சபைக்குச் சொன்னார். முழங்கையில் காயம் காய்ந்துகொண்டிருந்தது. சபையில் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அம்மா அன்றைக்கு நற்கருணைக்கு எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் எத்தனை ஐயர்மார் மாறினார்கள், அண்ணனுக்கு வேலை வந்தது, சான்றிதழ் ருக்குமணி நர்சிங் படித்து வெளிநாடு போனாள், அம்மா ஒரு ஞாயிறும் கோயிலைத் தவறவிட்டதில்லை, ஒருமுறையும் நற்கருணை எடுத்ததில்லை. எல்லாரும் முன்னால் போய் மண்டியிடும்போது பாயில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒருதடவை லீவில் போனபோது கேட்டேன். “அங்கி போட்டவர நின்ன எடத்துல பொய் சொல்ல வெச்சேன். எந்த மொகத்த வெச்சிக்கினு கைய நீட்டுவேன்,” என்றாள். ஆண்டவர் மன்னித்திருப்பார் என்றேன். அவர் மன்னிச்சிருப்பார், அது அவர் பாடு என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இங்கே எங்கள் கோயிலில் மாதம் ஒருமுறை மிஷன் வட்டம் என்று வயசான அம்மாக்கள் கூடுவார்கள். காப்பி, கேக், பிறகு உலகத்துக்கான ஜெபம். எந்த நாட்டில் யுத்தம், எந்தக் கடலில் அகதிப் படகு, எங்கே கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துகிறார்கள் என்று உலகப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய் ஜெபிப்பார்கள். அவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது. எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த டேனிஷ்காரர்கள் இந்த உலகத்தில் அவர்கள் மட்டும்தான். ஒருவருடைய பெரியம்மா கல்வராயன் மலைக்கு மருந்துப் பெட்டியோடு ஏறியவராம், பழுப்பேறிய படம் வைத்திருக்கிறார். உன் ஊர்ச் சபையைப் பற்றிச் சொல் என்றார்கள். அங்கே இன்னும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். அரசாங்கக் கணக்கில் கொஞ்சம்பேர், கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கோயிலில் நிற்க இடமில்லை என்றேன். சிரித்தார்கள், நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்து. சரியென்று இந்தக் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த டேனிஷில் ஒதுக்கீடு, பட்டியல், காலனி என்பதையெல்லாம் விளக்க முடிந்தவரை விளக்கினேன். உங்களைத் துன்புறுத்தியது யார், போலீசா, கும்பலா என்று கேட்டார்கள். யாருமில்லை, நாங்களே ஒளிந்துகொண்டோம் என்றேன். அது அவர்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு அம்மாள் கைகளைக் கோத்துக்கொண்டு, குருவானவர் வரக்கூடாதென்று மரங்களை வெட்டிப் போட்டவர்களை மன்னியும் ஆண்டவரே என்று உருக்கமாக ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன், கேக் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

என் வேலையில் யாருமே வராத அடக்கங்கள் உண்டு. பிள்ளைகள் இல்லாதவர்கள், இருந்தும் இல்லாதவர்கள். பெட்டி வரும், கொடி ஏறும், கிர்ஸ்டன் அங்கி மாட்டுவார், ஆர்கன் வாசிப்பவர் வருவார், பெஞ்சுகள் காலியாக இருக்கும். அப்போது கோயில் ஊழியர் நின்று பாட வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் யாரையும் பாட்டில்லாமல் அனுப்பக் கூடாது என்று இவர்களும் நினைக்கிறார்கள். முகம்கூடப் பார்த்திராதவர்களுக்காக எத்தனையோ தடவை நான் தனியாக நின்று எல்லாச் சரணமும் பாடியிருக்கிறேன். பாடும்போது கதவோரத்துக் கடைசிப் பெஞ்சைப் பார்க்க மாட்டேன். அங்கே ஒருவர் ஒரு காலை வெளியே வைத்து உட்கார்ந்திருப்பார். ஆவி பேய் என்றெல்லாம் நான் நம்புவதில்லை, வேதமும் நம்பச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்திருப்பார். நெற்றியில் திருநீறு இருக்கும். தனக்கும் எப்போதாவது முறை வரும் என்று காத்திருக்கிறவர் மாதிரி, நான் முடிக்கும்வரை பொறுமையாக இருப்பார். கோயிலைப் பூட்டும்போது அந்தப் பக்கத்து விளக்கை முதலிலேயே அணைத்துவிடுவேன்.

போன வருஷம் அம்மா இறந்துபோனாள். அதற்குச் சில மாதம் முன்பே வீடியோவில் என்னைக் கூப்பிட்டு, அண்ணனும் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள், கோயில் கல்லறை எனக்கு வேண்டாம், அவர் பக்கத்தில் போட்டுவிடுங்கள் என்று. பாட்டு என்று நான் இழுத்தேன். “அவருக்கு இல்லாதது எனக்கு எதுக்கு,” என்றாள். செய்தி வந்ததும் கிடைத்த விமானத்தைப் பிடித்தேன். ஐஸ் பெட்டியில் எனக்காக வைத்திருந்தார்கள். கள்ளக்குறிச்சி இப்போது மாவட்டத் தலைநகரம், ரோடெல்லாம் அகலம், அந்தப் புளியமரங்களில் ஒன்றுகூட இல்லை. வழியில் எதுவும் எங்கேயும் மறிக்கவில்லை. புதிதாக வந்திருக்கிற இளவயசு ஐயர் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்துக்காரர் மாதிரி பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொன்னால் அங்கியைப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நான் அண்ணனைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போய்ச் சண்டை போட்டேன். ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, அப்பாவுக்கும் சேர்த்து என்றேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என்ன பயம் என்று கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்தவள் கேட்கிற கேள்விதான், எனக்கே தெரிந்தது. அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

“எனக்கு மட்டும் ஆச இல்லியா ரூத்து. பையனுக்கு அடுத்த வாரம் சர்ட்டிபிகேட் சரிபார்ப்பு. அன்னிக்காவது ஐயர ரோட்லயே நிறுத்தனோம். இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்குது, எவன் இன்னாத்த புடிச்சி எங்க போடுவான்னு யாருக்குத் தெரியும்.”

ஆற்றங்கரையில் அப்பாவைப் புதைத்த இடத்தில் ஒரு புங்கமரம் நின்றது. அண்ணன் வைத்து, கோடையில் குடம் சுமந்து ஊற்றி வளர்த்தது என்று பங்காளி ஒருவர் சொன்னார். சிலுவை வைக்க முடியாதவன் மரம் வைத்திருக்கிறான், என்னிடம்கூடச் சொன்னதில்லை. அவனோடு சண்டை போட்டதற்காக வெட்கப்பட்டேன். அதன் பக்கத்திலேயே அம்மாவுக்குக் குழி வெட்டியிருந்தார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை என்பது அங்கே வழக்கம், நானும் அண்ணியும் மட்டும் இந்தத் தடவை தெருமுனையில் நிற்காமல் கூடப் போயிருந்தோம். ஆனால் அம்மாவோடு காலமெல்லாம் நடவு நட்ட கிழவிகள் முனியம்மா தலைமையில் பின்னாலேயே வந்துவிட்டார்கள். முனியம்மா அம்மாவைவிட நாலைந்து வயசு சின்னவள், மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவள், எங்கள் கோயில் பக்கமே வராதவள். ஆண்கள் தயங்கிவிட்டு வழி விட்டார்கள்.

அம்மாவைக் கயிற்றில் இறக்கும்போது முனியம்மா பாட்டை எடுத்தாள். ஒப்பாரி என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. எங்கள் சபையின் கடைசிப் பாட்டு, அப்பா எடுத்துக்கொடுக்கிற அதே பாட்டு. அப்பா போனபிறகு கோயிலில் வாய் திறந்து பாடப் பயந்த அம்மா, சேற்றில் குனிந்து நாற்று நடும்போது அதைத்தான் பாடுவாளாம். கூட நட்டவர்கள் கைக்குத் தோதாக இருக்கிறதென்று பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ராகம் நடவுப் பாட்டாக மாறியிருந்தது, ஏசு சாமி என்று பாடினார்கள். பொட்டு வைத்து, எந்தச் சான்றிதழைத் திருப்பினாலும் இந்துவாகவே இருக்கிற கிழவிகள். அவர்களை யார் என்ன கேட்க முடியும். மண்வெட்டிக்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள். இரண்டு பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். முதல் சரணம் முடிந்ததும் பாட்டு நின்றது. அதற்குமேல் அவர்களுக்குத் தெரியாது. கிழவிகள் எல்லாரும் எங்கள் பக்கம் பார்த்தார்கள்.

அண்ணன் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணியும் அவன் பையனும் தரையைப் பார்த்தார்கள். சட்டை போட்ட ஐயர் தூரத்தில் வரப்பில் நின்றிருந்தார். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத மொழியில், யார் யாருக்கோ பாடிய நான், இங்கே அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது முனியம்மா என் கிட்டே வந்து முழங்கையைப் பிடித்தாள்.

“நீ பாடு ருக்கு. உன்ன யாரு இன்னா கேக்கப் போறாங்க. நீதான் இந்த ஊரே இல்லியே.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். என் பாஸ்போர்ட் இப்போது வேறு நாட்டுடையது, அங்கே என் பெயருக்கு நேரே எழுதியிருப்பது கிறிஸ்தவள் என்று, இந்த மண்ணில் இழப்பதற்கு எனக்கென்று ஒரு துண்டுக் காகிதம்கூட மிச்சமில்லை. எங்கள் வீட்டில் பாடக்கூடியவள் நான் ஒருத்திதான். இரண்டாவது சரணத்தை எடுத்தேன். புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டு அப்பாவுக்கும், குழியைப் பார்த்துக்கொண்டு அம்மாவுக்கும், ஒரு வரியையும் விடாமல் கடைசிச் சரணம்வரை பாடினேன். அண்ணன் அதுவரை என் தோளை ஒட்டித்தான் நின்றிருந்தான். நான் வாயைத் திறந்ததும், பையனையும் கையைப் பிடித்துக்கொண்டு, ஓரடி தள்ளி நின்றான்.